நூற்று எழுபதாவது அட்டை

செவ்வாய்க்குப் போகிற கருவிகளைப் பூட்டும் கூடத்துக்கு ஒரே வாசல். அந்த வாசலில் கை கழுவும் தொட்டி ஒன்று உண்டு. தொட்டிக்குப் பக்கத்தில், கைப்பிடி இல்லாத ஒரு நாற்காலியில், லூர்தம்மாள் உட்கார்ந்திருப்பார்.

ஒரு காலத்தில் அவர் ஆபரேஷன் அறையில் நர்ஸாக இருந்தவர். முழங்கை வரை மூன்று நிமிடம் தேய்த்துக் கழுவாத எவரையும் கூடத்துக்குள் விடமாட்டார். பார்வையிட வந்த அமைச்சரையே, "நகத்தை மறந்துட்டீங்களே, தம்பி" என்று தொட்டிக்குத் திருப்பி அனுப்பியவர். அங்கே வேலை செய்த அத்தனை பேரும் அவரிடம் கழுவக் கற்றவர்கள்தாம். அவர்களில் முதல் மாணவி வடிவு.

வடிவுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. செவ்வாயில் இறங்கிய துளைக்கருவி அவள் பொறுப்பில் இருந்தது. கருவி எண்பது மீட்டர் தோண்டிவிட்டது. இன்னும் ஒரு முழம் போனால் தண்ணீர். உப்பு மிகுந்ததால் உறையாமல் கிடக்கும் தண்ணீர். அதில் உயிர் உண்டா என்று பார்க்கத்தான் இத்தனை வருடப் பாடும்.

தண்ணீரைத் தொடும் முன், கருவி தன் முனையைத் தானே துடைத்துச் சோதித்துப் பார்த்தது. அதில் உயிர் இருந்தது.

செய்தி வந்ததும் கூடத்து ஆட்கள் லட்டு வாங்கி வந்துவிட்டார்கள். வடிவு தின்னவில்லை. அலமாரியைத் திறந்து பழைய அட்டைகளை எடுத்தாள். உள்ளே போகிற ஒவ்வொருவர் கையையும் பஞ்சால் ஒற்றி, அதில் ஒட்டியிருந்த நுண்ணுயிர்களின் விவரத்தை ஆளுக்கொரு அட்டையில் குறித்து வைப்பது லூர்தம்மாளின் வழக்கம். வடிவு ஒவ்வோர் அட்டையாக ஒத்துப் பார்த்தாள். நூற்று எழுபதாவது அட்டை பொருந்தியது.

மறுநாள் பிற்பகல் அதை எடுத்துக்கொண்டு தொட்டியருகே வந்து நின்றாள்.

"என்னடி, ஊரே லட்டு தின்னுது, உன் முகம் இப்படி வாடிக் கிடக்கு? எனக்கும் ரெண்டு கொண்டாந்தாங்க. கை கழுவாம கொண்டாந்தாங்க. வேண்டாம்னுட்டேன்."

வடிவு அட்டையை நீட்டினாள். லூர்தம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

கனகசபை. வலது கை.

வடிவின் கணவர். அதே கூடத்தில் ஃபிட்டராக இருந்தவர். கருவி பூமியை விட்டுக் கிளம்பும் முன்பே நோயில் போய்விட்டவர்.

"முனையில இருக்கிறது செவ்வாயோடது இல்லைம்மா," என்றாள் வடிவு. "அவரோடது."

"எப்படிப் போச்சு?"

"கடைசித் திருகாணியைப் பூட்டின அன்னைக்கு. மருந்து ஏத்தி ஏத்தி அவருக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிருந்தது. கையுறையோட மரை பிடிபடலை. ரெண்டு நிமிஷம் கழற்றினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு நான் பார்த்தேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா அவரை வெளியே அனுப்பியிருப்பீங்க."

"அனுப்பியிருப்பேன்."

"அதுதாம்மா அவர் செஞ்ச கடைசி வேலை."

லூர்தம்மாள் திட்டவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப என்ன செய்யணும்?"

"முனையைப் பழுக்கக் காய்ச்சணும். உள்ளேயிருந்து ஒரு கட்டளை போனாப் போதும். ஆறு மணிக்குள்ள அனுப்பணும். தண்ணி கசிஞ்சு மேலே ஏறிட்டிருக்கு. அது முனையைத் தொட்டுட்டா, கீழே இருக்கிறது எதுவானாலும் கெட்டுப்போகும்."

"அனுப்ப வேண்டியதுதானே?"

வடிவு குழாயின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உடம்பை எரிச்சாச்சு. சட்டையெல்லாம் துவைச்சு யாருக்கோ கொடுத்தாச்சு. குழந்தையும் இல்லை. அவரோடதுன்னு உயிரோட எங்கேயும் ஒண்ணும் இல்லைன்னு நினைச்சிருந்தேன். இருக்கு. அதை நானே கொளுத்தணும்கிறீங்க."

"அவர் போன அன்னைக்கு நீ வலது கையை நனையவிடலை."

வடிவு நிமிர்ந்து பார்த்தாள்.

"துக்கத்துக்கு நானும் வந்திருந்தேனே. பொம்பளைங்க சேர்ந்து உன் தலையில தண்ணி ஊத்தினாங்க. நீ அந்தக் கையை மட்டும் மேலே தூக்கிப் பிடிச்சிருந்தே."

"உயிர் போறப்ப அதைத்தான் பிடிச்சிருந்தார்."

"எத்தனை நாள் கழுவலை?"

"மூணு நாள். இடது கையால சாப்பிட்டேன்."

"நாலாம் நாள் எதுக்குக் கழுவினே?"

"மாமனாருக்குப் படுக்கைப் புண். மருந்து வைக்கிற பொண்ணு அன்னைக்கு வரலை. வேற ஆள் இல்லை."

"அவர் உன்னைக் கூப்பிட்டாரா?"

"அவருக்கு ஏதும்மா பேச்சு? பக்கவாதம் வந்ததிலிருந்து கண்ணே திறக்கலை. மகன் செத்ததும் தெரியாது. போற வரைக்கும் அப்படியேதான் கிடந்தார். உள்ளே ஆள் இருந்தாரான்னே எங்களுக்குத் தெரியாது."

"சரியாக் கழுவினியா?"

"நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரி. மூணு நிமிஷம்."

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை ஆகியிருந்தது. கூடத்துக்குள்ளிருந்து யாரோ வடிவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் நகரவில்லை.

"கீழே ஒண்ணுமே இல்லைன்னா என்னம்மா செய்றது? வெறும் உப்புத் தண்ணியா இருந்தா? அதுக்காகவா அவரை நான்…"

லூர்தம்மாள் அட்டையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கையை நீட்டிக் குழாயைத் திறந்துவிட்டார்.

"உள்ளே ஆள் இருக்கான்னு தெரியாமத்தானே அன்னைக்கும் கழுவினே," என்றார். "வா. நகத்திலேருந்து ஆரம்பி."