முன்னால் நின்றவள்

“செத்துப்போன மாட்டுக்கிட்ட எப்படித் தாயி மன்னிப்புக் கேக்குறது?”

சடையாண்டி வந்து உட்கார்ந்ததும் கேட்டது இதுதான். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்கவில்லை. துண்டைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார்.

சாமியம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

மலையடிவாரத்தில் அவளுடைய மடம் என்பது ஒரு ஓட்டு வீடும் ஒரு கிணறும் ஒரு தொழுவமும்தான். வயதில் அவள் சடையாண்டிக்கு மகள் மாதிரி. ஆனாலும் எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் தேடி வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போனார்கள் என்றும் பேச்சு உண்டு.

“எந்த மாடு அண்ணே?”

“மயிலை. என் வண்டியில இடத்துப் பக்கம் கட்டின மாடு.”

“என்ன பண்ணினீங்க?”

சடையாண்டி இருபத்திரண்டு வருஷம் பாரவண்டி ஓட்டியவர். லாரி ஏறாத காலத்தில் மலைமேல் இருந்த ஊருக்குக் கல்லும் சிமெண்டும் அவர் வண்டியில்தான் போயின. பதினொரு மூட்டை தாங்குகிற வண்டியில் பதினெட்டு ஏற்றுவார்.

மேட்டில் மாடு நின்றுவிட்டால் வாலைப் பிடித்து முறுக்குவார். அதற்கும் நகராவிட்டால் பல்லால் கடிப்பார். வண்டிக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான்.

ஒரு நாள் மயிலையின் வால் எலும்பு ஒடிந்தது. முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

மாடு மேட்டை ஏறிவிட்டது.

“சடையாண்டி வண்டி மேட்டுல நின்னதே இல்லைன்னு ஊரே சொல்லும் தாயி. நானும் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப வண்டியும் இல்ல, மாடும் இல்ல. அந்தச் சத்தம் மட்டும் இருக்கு. சோத்துல கை வைக்கிறப்பக் கேக்குது.”

“அதுக்கு என்ன செஞ்சு பாத்தீங்க?”

“கருப்பனுக்கு ஒரு கிடா வெட்டினேன்.”

“கிடா என்ன சொல்லுச்சு?”

அடுப்படியிலிருந்து யாரோ சிரிப்பது கேட்டது. மடத்தில் சமைத்துப் போடும் வீரபத்திரன். சடையாண்டிக்குக் காது சூடாகிவிட்டது.

சாமியம்மா சிரிக்கவில்லை. கீரைத் தண்டைத் தொழுவத்தின் பக்கம் நீட்டினாள்.

“அங்க ஒரு மாடு நிக்குது. போய்ப் பாருங்க.”

கிழட்டுச் செவலை. எந்த வண்டிக்காரனோ இனி உதவாது என்று மடத்து வாசலில் அவிழ்த்து விட்டுப் போயிருந்தான். வால் இரண்டு இடத்தில் ஒடிந்து கோணிக்கொண்டு தொங்கியது. ஈ ஓட்டக்கூட அசையாத வால். அடிவாலில் புண், புண்ணுக்குள் புழு.

வீரபத்திரன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

“நாலு நாளா இந்தப் பாடுதான் அண்ணாச்சி. சீத்தா இலையை அரைச்சு வச்சிருக்கேன். பூச விட்டாத்தானே? பின்னால ஆள் போனா நிக்காது. மாட்டு டாக்டர் வந்தாரு. அவரையும் இழுத்துக்கிட்டுப் போயிக் கிணத்து மேட்டுல விட்டுருச்சு.”

“மாட்டைப் பத்தி எனக்குச் சொல்றியாக்கும்?”

“சொல்லல. புழு எலும்பைத் தொட்டுட்டா மாடு பிழைக்காது. அதைத்தான் சொன்னேன்.”

சடையாண்டி வேட்டியை மடித்துக் கட்டினார். நாக்கைச் சொடுக்கி ஒரு சத்தம் கொடுத்தார். ஒரு காலத்தில் அந்தச் சத்தத்துக்கு எட்டு ஊர் மாடு திரும்பிப் பார்க்கும். பக்கவாட்டில் போய், பதமாகப் புட்டத்தில் கை வைத்தார்.

செவலை கழுத்தைத் தாழ்த்தியது. தோளை முன்னால் தள்ளியது. முன்னங்கால் குளம்புகள் மண்ணைப் பறித்தன. கயிறு விறைத்து, கட்டியிருந்த தூண் கிறீச்சிட்டது.

பின்னால் வண்டி இல்லை. ஆனாலும் இழுத்தது.

அவர் கையை எடுத்தார். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் இழுத்தது.

“மேடுன்னு நினைக்குது போல,” என்றான் வீரபத்திரன்.

அன்று ராத்திரி சடையாண்டி மடத்திலேயே தங்கிவிட்டார்.

மறுநாள் பருத்திக்கொட்டை ஊறவைத்துக் கொண்டுபோனார். செவலை ஆசையாகத்தான் தின்றது. தின்னட்டும் என்று பூனை மாதிரி பின்னால் நழுவினார். அவர் நிழல் அதன் பின்னங்காலில் விழுந்ததுதான் தாமதம், வாயில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கழுத்தைத் தாழ்த்தியது.

கயிறு அறுந்துவிடப் போகிறதே என்று அவிழ்த்துவிட்டார். மாடு நேரே போய்ச் சுவரில் முட்டியது. அங்கேயும் நிற்கவில்லை. நெற்றியைச் சுவரில் கொடுத்துக்கொண்டு, கால் நடுங்க நடுங்க, இல்லாத வண்டியை இழுத்தது.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சாமியம்மாவிடம் வந்தார்.

“நாலு கயிறு குடுங்க தாயி. காலைச் சேத்துக் கட்டிச் சாய்ச்சிருவோம். நான் தலையை அமுக்கிக்கிறேன். வீரபத்திரன் பூசட்டும்.”

“மாட்டுக்கு அது மருந்து பூசுறது மாதிரியா இருக்கும்?”

“வேற என்னதான் வழி? புழு உள்ள போயிட்டிருக்கு. எனக்கு ஒரு மாடு போனது போதும்.”

சாமியம்மா அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“மயிலை வாலை முறுக்கினீங்களே. அப்ப அதோட முகம் எப்படி இருந்துச்சு?”

“முகமா?”

“ஆமா.”

சடையாண்டி யோசித்தார். மயிலையின் முகம் அவருக்குத் தெரியாததா? தவிட்டுத் தொட்டியிலிருந்து நிமிர்கிற முகம் தெரியும். நுகத்தடிக்குக் குனிகிற முகம் தெரியும். நெற்றியில் எந்த இடத்தில் சுழி என்பதைக் கண்ணைக் கட்டிவிட்டால்கூடத் தொட்டுக் காட்டுவார்.

ஆனால் அவள் கேட்டது அது இல்லை.

“நான் பின்னால இருந்தேன் தாயி. முகம் எனக்கு எப்படித் தெரியும்?”

“முன்னால யாரும் இல்லையா?”

“ஒச்சம்மா நின்னா. என் பொண்டாட்டி. மேட்டுல அவ தலைக்கயித்தைப் பிடிச்சு முன்னால இழுப்பா. நான் பின்னால முறுக்குவேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“அவளா? ஒண்ணும் சொன்னதில்ல. மேட்டுல ஏறி முடிச்சா ரெண்டு நாளைக்கு எங்கிட்டப் பேச்சு இருக்காது. ஏறின அலுப்புன்னு நினைச்சுக்குவேன்.” துண்டை உதறித் தோளில் போட்டார். “ஒரு தடவை கேட்டேன், உனக்கு என்னடி கேடுன்னு. ‘ஒரே ஒரு தரம் நீ இந்தப் பக்கம் வந்து நில்லு’ன்னா. பொம்பள வாலை முறுக்கினா வண்டி ஏறுமான்னு சொல்லிச் சிரிச்சேன்.”

“இப்பக் கேக்கலாமே.”

“அவ போயி ஏழு வருஷம் ஆச்சு.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

சாமியம்மா எழுந்தாள். சீத்தா இலை விழுதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள்.

“நான் பின்னால போறேன். நீங்க முன்னால நில்லுங்க.”

“நான் எதுக்கு முன்னால? தலைக்கயித்தை வீரபத்திரன் பிடிக்கட்டும்.”

“நில்லுங்க அண்ணே.”

நின்றார்.

தலைக்கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையைச் செவலையின் கழுத்தில் வைத்தார். நுகத்தடி தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன இடம். அவர் உள்ளங்கையும் அப்படித்தான் இருந்தது. மாடு அவரை முகர்ந்து பார்த்தது. மூச்சு சூடாகக் கையில் பட்டது.

“பிடிச்சிட்டீங்களா?” சாமியம்மாவின் குரல் மாட்டுக்குப் பின்னாலிருந்து வந்தது. திமில் மறைத்ததில் ஆள் தெரியவில்லை.

“பிடிச்சிட்டேன்.”

செவலையின் காதுகள் இரண்டும் பின்னால் மடிந்தன.

பிறகு மூச்சு நின்றது. கையில் பட்டுக்கொண்டிருந்த சூடு போய்விட்டது. மூக்கு விரிந்தது விரிந்தபடி இருந்தது. கீழ்த்தாடை நடுங்கி, எச்சில் ஒரு இழையாக இறங்கியது. கருவிழி ஒதுங்கி வெள்ளை தெரிந்தது. அந்தக் கண் அவரைப் பார்க்கவில்லை. எதிரே ஆள் நிற்பதே அதற்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து வரப்போகிற ஒன்றை மட்டும் அது பார்த்துக்கொண்டிருந்தது.

கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு. அது கத்தவில்லை.

இருபத்திரண்டு வருஷம். வாரத்துக்கு மூன்று நடை. இந்த இடத்தில்தான் ஒச்சம்மா நின்றாள்.

கயிறு அவர் கையிலிருந்து நழுவியது. இரண்டு கையாலும் மாட்டின் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

“விட்டுருங்க தாயி! முறுக்காதீங்க! போதும், கையை எடுத்துருங்க!”

பின்னாலிருந்து சாமியம்மா சொன்னாள்.

“நான் இன்னும் தொடவே இல்ல அண்ணே.”