வியர்க்கக் கூடாத அரண்மனை

மேகங்கள் மாடுகளைப் போல மலைச்சரிவில் படுத்து அசைபோட்ட காலத்தில், அருவிநாட்டைச் சீதளராயர் என்ற அரசர் ஆண்டு வந்தார். அவருக்குக் குளிர்ச்சி என்றால் உயிர், வியர்வை என்றால் குமட்டல். அவர் முன்னால் யாருக்கு வியர்த்தாலும் தண்டனை. அதனால் சபைக்கு வருகிறவர்கள் வாசலிலேயே விசிறிக்கொண்டு, உடம்பு ஆறிய பிறகுதான் உள்ளே நுழைவார்கள்.

அருவிநாட்டில் எல்லாம் விளையும், உப்பு மட்டும் விளையாது. அது கீழே மணற்பாடி நாட்டிலிருந்து வர வேண்டும். மணற்பாடியார் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஆண்டுதோறும் சித்திரை உச்சிவெயிலில், வறண்ட ஆற்று மணலில் தங்கள் ஆளோடு ஓட்டப்பந்தயம். தொடர்ந்து மூன்று முறை தோற்ற நாட்டுக்கு உப்பு வண்டி போகாது. அருவிநாடு இரண்டு முறை தோற்றிருந்தது. இரண்டு முறையும் ஓடியவன் பாதி வழியில் சுருண்டு விழுந்தான்.

"இந்த முறை என் மருமகன் இரணியப்பன் ஓடுவான், மகாராஜா" என்றார் தளபதி மகுடேசர். "அதுவரை அவனைக் குகை அரண்மனையில் வைத்து, சந்தனம் பூசி, உடம்பில் குளிர்ச்சியைச் சேர்த்து வைப்போம். சேர்த்ததைப் பந்தயத்தில் செலவழிப்பான்."

"ஆகா!" என்று அரசர் தொடையைத் தட்டினார்.

அமைச்சர் கூத்தபிரான் எழுந்தார். "குளிர்ச்சி என்ன, குதிரில் கொட்டி வைக்கிற நெல்லா மகாராஜா? மலையடிவாரத்தில் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்குப் புதிதாய் வருகிறவன் முதல் நாள் மயங்கி விழுகிறான். இரண்டு வாரம் போனால் அவனே பாடிக்கொண்டு விறகு சுமக்கிறான். வெயிலில் ஓடுகிறவன் வெயிலில் பழக வேண்டும்."

"பழகினால் வியர்க்குமே! சீச்சீ, உட்காரும்" என்றார் அரசர்.

"அமைச்சருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது" என்று தளபதி சொல்ல, சபை சிரித்தது.

கூத்தபிரானும் சிரித்தார். ஆனால் விட்டுவிடவில்லை. அன்று மாலையே ஓலை சுமந்து மலைமலையாக ஓடும் சடையனைத் தேடிப் போனார்.

"சடையா, நாளை ஓலை கொண்டு வரும்போது வாசலில் ஆறாதே. வியர்வையோடு உள்ளே வா."

"ஐயா, தண்டனை கொடுப்பாங்களே?"

"அதுதான் வேண்டும். கடுமையாய் இருக்கும். உன் தெருவுக்கே உப்பில்லாமல் போவதைவிடக் கடுமையாய் இருக்காது."

சடையன் சற்று யோசித்தான். பிறகு இடுப்புத் துண்டை இறுக்கிக் கட்டினான். "வர்றேன் ஐயா."

மறுநாள் அவன் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு அரசரின் கம்பளத்தில் விழுந்தது. அரசர் இரண்டு காலையும் அரியணைமேல் தூக்கிக்கொண்டார். "தண்டனை! உடனே!"

"பாவம் மகாராஜா, நிழலில் உட்கார வைத்தால் போதும்" என்றார் கூத்தபிரான்.

அமைச்சர் வேண்டாம் என்றால் தளபதிக்கு வேண்டும். "நிழலா? காளவாய்க்கு அனுப்புங்கள்! பகல் முழுக்க விறகு சுமக்கட்டும்!"

"ஐயோ, முதல் நாளே முழுப் பகலும் நின்றால் அன்றோடு செத்துப்போவான். தளபதியார் இரக்கப்பட்டுச் சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறார்."

"எனக்கா இரக்கம்? முதல் நாள் ஒரு நாழிகை. நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போங்கள். பந்தய நாள் வரை இழுக்கட்டும்!"

"சுமையோடு ஓடச் சொல்லாதீர்கள்."

"ஓடத்தான் வேண்டும்!"

"கஞ்சியில் உப்பை மட்டும் அள்ளிப் போட்டுவிடாதீர்கள்."

"கரிக்கக் கரிக்கப் போடு! பானை பானையாய்க் குடிக்க வை!"

அமைச்சர் தலையில் கை வைத்துக் குனிந்துகொண்டார். சிரிப்பை மறைக்க வேறு வழியில்லை.

முதல் மூன்று நாள் சடையனுக்குக் கண் இருட்டியது, நெஞ்சு பறையாய் அடித்தது. அமைச்சர் சொல்லி வைத்திருந்தபடி, காளவாய்க்காரர்கள் அவனை உட்கார்த்தி, தலையில் தண்ணீர் ஊற்றி, மறுநாள் மறுபடி எழுப்பினார்கள். ஒரு வாரத்தில் இருட்டுவது நின்றது. இரண்டாம் வாரம் அதே வெயில், அதே சுமை, நெஞ்சு மட்டும் நிதானமாய் அடித்தது.

பந்தயத்துக்கு அரசர் புறப்பட்டபோது தளபதிக்கு இன்னொரு யோசனை வந்தது. "அந்தப் பயல் தண்ணீர்ப்பானையோடு பல்லக்கின் பக்கத்திலேயே ஓடி வரட்டும்!" அப்படித்தான் சடையன் மணற்பாடி வந்து சேர்ந்தான்.

உச்சிவேளை. சந்தனம் மணக்க இரணியப்பன் கோட்டில் வந்து நின்றான். பறை கொட்டும் முன்பே முகம் செக்கச் சிவந்தது. உடம்பில் ஒரு சொட்டு வியர்வையில்லை. "மாமா, தலை சுத்துது" என்றவன், மாமன் மேலேயே சரிந்தான். அவனை நிழலுக்குத் தூக்கிப் போனார்கள்.

"போச்சு! உப்பு போச்சு!" என்று அரசர் அலறினார்.

"சடையன் இருக்கிறான் மகாராஜா" என்றார் கூத்தபிரான்.

"இவனா? ஓடுவதற்கு முன்பே ஒழுகுகிறதே!"

"கசிகிற மண்பானையில்தானே தண்ணீர் குளிரும்? அந்தப் பிள்ளையைச் சந்தனத்தால் மெழுகி அடைத்துவிட்டோம். இவன் உடம்போ வெயிலைக் கண்டதும் முந்திக்கொண்டு கசியப் பழகிவிட்டது."

வேறு வழியில்லாமல் அரசர் தலையசைத்தார்.

பறை கொட்டியது. மணற்பாடிக்காரன் காற்றாய்ப் பறந்தான். மலையாட்கள் பாதியில் விழுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். பாதியில் திரும்பிப் பார்த்தான்; சடையன் விழவில்லை. முக்கால் வழியில் பார்த்தான், இன்னும் விழவில்லை. பார்த்துப் பார்த்தே அவனுக்கு மூச்சு வாங்கியது. சடையன் யாரையும் பார்க்கவில்லை. ஒரே அளவாய் அடியெடுத்து வந்தான். உப்பு, உப்பு என்று ஒவ்வோர் அடியும் அவனுக்குள் சொன்னது. எல்லைக் கோட்டை ஒரு முழம் முந்தித் தாண்டினான்.

அரசர் குடையை எறிந்துவிட்டு வெயிலில் ஓடினார். ஒழுகும் சடையனை அப்படியே கட்டிக்கொண்டார். அவர் நெற்றியிலும் வியர்வை வழிந்து உதட்டில் இறங்கியது. எல்லாரும் நடுங்கி நின்றார்கள். அரசர் நாக்கை நீட்டிச் சுவைத்தார்.

"அமைச்சரே, கரிக்கிறதே! நம் நாட்டில் உப்பு விளையாது என்று சொன்னவன் யார்?"

அன்றே வியர்வைச் சட்டம் ஒழிந்தது. முதல் உப்பு வண்டி சடையன் தெருவுக்குப் போகும் என்று அறிவித்தார்கள். தளபதி முண்டிக்கொண்டு முன்னால் வந்தார். "மகாராஜா, காளவாய், சுமை, உப்புக் கஞ்சி, எல்லாமே என் யோசனை! பரிசு எனக்கும் உண்டு!"

"உண்மைதான்" என்றார் கூத்தபிரான். "நான் எல்லாவற்றையும் வேண்டாம் என்றவன்."

அரசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மெல்லப் புரிந்தது. "அடுத்த ஆண்டும் பந்தயம் உண்டு. தளபதியாரே, மருமகன் தேறியதும் நீங்களும் அவனும் காளவாய்க்குப் போங்கள்."

தளபதியின் முகம் வெளுத்தது. "முழுப் பகலுமா மகாராஜா?"

"சேச்சே! முதல் நாள் ஒரு நாழிகை. அதுவும் உங்கள் யோசனைதானே?"