உம் கொட்டாத மனுஷன்

"எட்டு மாசம் படிச்சாச்சும்மா. எனக்கு ஜப்பான் பாஷை வரவே இல்லை" என்றார் கஸ்பார்.

அந்த ஜப்பான் துறைமுக ஊரின் புத்தர் கோயில் முற்றத்தைப் பாதிதான் பெருக்கியிருந்தார். விளக்குமாறு கையிலேயே இருந்தது.

பக்கத்தில் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தார் துறவி எய்ஷின். மொட்டைத் தலை, கறுப்பு அங்கி. கஸ்பாரின் மகள் வயசுதான் இருக்கும். மதுரையில் நாலு வருஷம் படித்தவர் என்பதால் தமிழ் தண்ணிபட்ட பாடு. கஸ்பாருக்குப் பாஷை சொல்லிக்கொடுப்பவர் அவர்தான்.

"வராமலா நேத்து மீன்கடைக்காரியோட அப்படிச் சண்டை போட்டீங்க?"

"சண்டைக்கு வருது. இந்த மொரிதாகிட்டதான் வரமாட்டேங்குது."

கஸ்பார் பாம்பன் கடலோடி. மகன் இன்னாசி இந்தத் துறைமுகத்தில் கப்பலுக்கு வெல்டிங் வேலை பார்த்தவன். கப்பலின் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கியிருந்தபோது தீப்பிடித்துச் செத்துப்போனான். விபத்து என்று ஒரு காகிதம் வந்தது. அதில் அவ்வளவுதான் இருந்தது.

சாம்பல் வாங்க வந்த தகப்பன், பிள்ளை எப்படிப் போனான் என்று தெரியாமல் ஊர் திரும்பமாட்டேன் என்று, சாம்பல் ஜாடி வைத்திருந்த இந்தக் கோயிலிலேயே தங்கிவிட்டார்.

அன்றைக்குத் தொட்டியின் வாயருகே நின்றவன், கூட வேலை பார்த்த மொரிதா ஒருத்தன்தான். அந்த ஊர் வழக்கப்படி மாசாமாசம் செத்த தேதிக்கு வருவான். ஊதுபத்தி கொளுத்தி, மண்டியிட்டு உட்காருவான்.

"வந்து உக்காந்து, 'அந்தத் தொட்டி மூடியை நான்...'ம்பான். அதோட சரி. 'நீ என்னய்யா செஞ்சே? முடி பேச்சை!'ன்னு கத்துறேன். கும்பிட்டு எந்திரிச்சுப் போயிடுறான். சொல்லு ஒவ்வொண்ணும் புரியுது. சேதி மட்டும் வரலை."

"முதல் நாள் ஒரு பாடம் சொன்னேனே ஐயா."

"எது, அந்த 'ஹாய்'யா?" கஸ்பார் சிரித்தார். "எதிராளி மூச்சு விடுறப்பல்லாம் 'ஆமா, ஆமா'ங்கிற மாதிரி 'ஹாய், ஹாய்'ங்கணும்னீங்க. நான் கேள்வி கேக்க வந்தவன்மா. ஆமாஞ்சாமி போட வரலை."

"ஆமாஞ்சாமி இல்லை அது. இங்கதான் இருக்கேன், கேக்குறேன்னு காட்டுறது. அது இல்லாம இந்த ஊர்க்காரங்களுக்குப் பேச்சு ஓடாது."

"சின்னப்பிள்ளைப் பாடம்."

துறவி சருகைக் கூடையில் போட்டார்.

"இன்னாசி போன சேதி உங்களுக்கு எப்படி வந்தது?"

கஸ்பார் விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

"கிழிஞ்ச வலையைப் பொத்திக்கிட்டிருந்தேன். பங்குச்சாமியார் வந்தாரு. 'கஸ்பாரு, உன் மகன்...'ன்னாரு. அதுக்கு மேல அவருக்கு வாய் வரலை."

"'முடிங்க பேச்சை'ன்னு கத்துனீங்களா?"

கஸ்பார் இல்லை என்று தலையாட்டினார்.

"என்ன சொன்னீங்க?"

"'ம்'னேன்."

துறவி கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இன்னாசி செத்த பதினேழாம் தேதி திரும்ப வந்தது. அன்றைக்கு மழை பெய்தது. மொரிதா நனைந்தபடி வந்தான். சாம்பல் ஜாடிக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தி மண்டியிட்டான்.

"அந்தத் தொட்டி மூடியை நான்..."

கஸ்பாருக்குத் தொண்டை வரைக்கும் கேள்வி வந்தது. விழுங்கினார்.

"ஹாய்."

மொரிதா நிமிர்ந்து பார்த்தான். எட்டு மாசத்தில் முதல் தடவை.

"தீ மேலே ஏறி வந்தது. மேல்தட்டில் பதினோரு பேர்..."

"ஹாய்."

"மூடிக்குக் கீழே, ஏணியில், இன்னாசி..."

கஸ்பாரின் நகங்கள் தொடையில் பதிந்தன.

"ஹாய்."

அதற்கப்புறம் மொரிதாவுக்குச் சொல் கிடைக்கவில்லை. முஷ்டியை மடக்கித் தரையில் தட்டினான். வேகவேகமாக. ஓங்கி ஓங்கி. பிறகு விட்டுவிட்டு. பிறகு ஒன்று. ரொம்ப நேரம் கழித்து இன்னும் ஒன்று.

கை அந்தரத்தில் நின்றது.

கஸ்பார் காத்திருந்தார். அடுத்தது வரவில்லை.

"ஹாய்" என்றார்.