உள்ளான் தேடும் வெள்ளைச் சோழி

அந்தக் காலத்தில், பறவையும் மனுஷரும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டிருந்த நாளில், உள்ளான் அலையைத் துரத்தியதே இல்லை. கரையோரமாக ஊர் ஊராகப் பறந்து வேடிக்கை பார்ப்பதுதான் அந்தச் சின்னப் பறவையின் வேலை.

மணப்பாட்டில் பிரகாசி என்றொருத்தி இருந்தாள். அவள் புருஷன் சூசை தெற்கே இடிந்தகரையில் தங்கி மீன்பிடிக்கப் போனான். "சுகமா இருந்தா வெள்ளைச் சோழி அனுப்புவேன். ஆபத்துன்னா கறுப்புச் சிப்பி" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அந்த மாதமே பெருங்காற்று அடித்து ஓய்ந்தது.

"போய்ப் பாத்துட்டு வாயேன், உள்ளானே" என்றாள் பிரகாசி.

"போயிட்டு வந்துட்டேன்னு வச்சுக்கோக்கா!"

இடிந்தகரையில் சூசை சுகமாகத்தான் இருந்தான். வெள்ளைச் சோழி ஒன்றை அதன் அலகில் வைத்தான். "வழியில வாயத் தெறந்துராத. நீ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்ட."

திரும்பும் வழியில் கூத்தங்குழியில் உள்ளான் வாயைத் திறக்கவில்லை. உவரியில் கட்டுமரங்கள் கரையேறியதைக்கூட வாய் திறக்காமல்தான் பார்த்தது. பெரியதாழையில் செம்மணல் மேடு வெயிலில் மின்னியது. அந்த அழகைப் பார்க்கக் கீழே இறங்கியது. ஈரமணலில் ஒரு கூனி இறால் துள்ளியது. ஒரு வாய்தானே என்று சோழியை மணலில் வைத்தது.

அலை வந்தது. சோழி போயிற்று.

வெறும் வாயோடு எப்படிப் போவது? பக்கத்தில் கிடந்த கறுப்புச் சிப்பியைக் கவ்விக்கொண்டது. சோழியைவிடப் பெரிசு, அக்கா சந்தோஷப்படுவாள்.

பிரகாசி சிப்பியைப் பார்த்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அழாதக்கா! அண்ணன் குடுத்தது வெள்ளைச் சோழி. நான்தான் ஒரு கூனிக்கு ஆசப்பட்டு..."

"என்னத் தேத்துறதுக்குப் பொய் சொல்லுத. அந்தச் சோழியக் கொண்டா, அப்பம் நம்புதேன்."

உள்ளான் கடலோரம் ஓடியது. அலை இறங்கினால் பின்னாலேயே ஓடி மணலைக் கொத்தித் தேடியது. அலை திரும்பினால் குச்சிக் காலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது.

மூன்றாம் நாள் காலை சூசையே வந்து இறங்கினான். பிரகாசி அழுதாள், சிரித்தாள், நடந்ததைச் சொன்னாள்.

"அடப்பாவமே! முதல்ல அந்தப் பயலக் கூப்பிடு" என்றான் அவன்.

"உள்ளானே! நம்பிட்டேன்! வந்துரு, கூனி தாரேன்!" கரையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள் பிரகாசி. அலைச் சத்தத்தில் அதன் காதில் விழவே இல்லை. அது அடுத்த ஊர்க் கரைக்குப் போய்விட்டது.

அன்று முதல்தான் உள்ளான் எந்த ஊர்க் கடற்கரையிலும் இறங்கும் அலைக்குப் பின்னால் ஓடி ஓடிக் கொத்துகிறது. அக்கா இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள் என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது.