அக்கரை விளக்கு

முன்னொரு காலத்தில் நடுவே அகலமான ஆறு ஓடும் நாடு ஒன்று இருந்தது. இக்கரையில் அரண்மனை. அக்கரையில் வயலும் தறியும் வைத்துப் பிழைக்கும் சனங்கள். அந்த நாட்டு அரசர் ஒருநாள் மாடத்தில் நின்று ஆற்றைப் பார்த்தவர், "நம் குடிமக்கள் பரிசலில் நனைந்துகொண்டு போவதா? ஊருக்கெல்லாம் பொதுவாகக் கூரை போட்ட பெரிய ஓடம் ஒன்று விடுவோம்" என்றார். மறுநாளே முரசறைந்தார்கள். பொது ஓடத்தைத் தவிர வேறெதுவும் இனி அந்தத் துறையில் ஆளேற்றக் கூடாது என்று அமைச்சர் சங்கமநாதர் தம் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். பரிசல்காரர்கள் பிழைப்புத் தேடி வேறு ஊர் போய்விட்டார்கள். பரிசல் போனது, ஓடம் வரவில்லை.

இதில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவன், அரசவையில் விகடம் பேசும் ஆண்டியப்பன். அவன் மனைவி வெள்ளையம்மாள் மகளின் பிரசவத்துக்கென்று அக்கரை போயிருந்த சமயம் பார்த்து முரசறைந்துவிட்டார்கள். சுற்றிப் போகலாமென்றால் காடும் பகை நாடும் குறுக்கே நின்றன. பகலெல்லாம் சபையைச் சிரிக்க வைத்துவிட்டு வீடு திரும்பினால் அணைந்த அடுப்பில் பூனை படுத்திருக்கும். தானே கஞ்சி காய்ச்சுவான். தன் விகடத்தைத் தனக்கே சொல்லிப் பார்ப்பான். சிரிக்க ஆளில்லாத வீட்டில் அது புலம்பலாகத்தான் கேட்டது.

பொழுது சாய்ந்ததும் விளக்கோடு படித்துறைக்குப் போவான். அக்கரை மருதமரத்தடியில் ஒரு விளக்கு இடமும் வலமுமாக அசையும். இவனும் அசைப்பான். வருஷக்கணக்கில் அவர்கள் குடித்தனம் நடத்தியது அப்படித்தான்.

ஓடம் என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? ஒவ்வொரு தை மாதமும் சங்கமநாதர், மர அதிகாரி, கயிற்று அதிகாரி மூவரும் பட்டு உடுத்தி, பரிவட்டம் கட்டிக்கொண்டு, ஓடத்தின் முதல் பலகைக்குப் பூசை போடுவார்கள். வருஷா வருஷம் அதே பலகைதான். சந்தனம் அதன்மேல் விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது. விசாரித்தால், கயிறு வரவில்லை என்பார் மர அதிகாரி. உத்தரவு வரவில்லை என்பார் கயிற்று அதிகாரி. மரம் வரவில்லை என்பார் அமைச்சர்.

ஒருநாள் அரசருக்கே ஓடத்தின் நினைவு வந்தது. சபையில் கேட்டார். மூவரும் வழக்கம்போல் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள்.

"அரசே, ஓடம் வருமோ வராதோ, அந்தப் பலகைக்குச் சீக்கிரம் ஒரு கோயில் வந்துவிடும்" என்றான் ஆண்டியப்பன்.

அரசர் சிரித்தார். சங்கமநாதருக்கு வயிறு எரிந்தது. ஏற்கெனவே அரசர் இவனிடம் பேசும் நேரம் தன்னிடம் பேசுவதில்லை என்ற புகைச்சல் வேறு.

"குறை சொல்வது எளிது, மன்னா. பொறுப்பை ஆண்டியப்பனிடமே கொடுங்கள். அமாவாசைக்குள் ஓடம் ஓடாவிட்டால் அவன் நாட்டை விட்டே வெளியேறட்டும்."

"அதுவும் நல்ல யோசனைதான்" என்று அரசர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். அரசர் விளையாட்டாகச் சொன்னாலும் உத்தரவு உத்தரவுதான். நாடு கடத்தினால் அந்த ஒற்றை விளக்கும் கண்ணில் படாதே என்று ஆண்டியப்பனுக்குக் கவலை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"அப்படியே ஆகட்டும், அரசே. ஒரு பூசை பாக்கி இருக்கிறது. ஆற்று நடுவே இருக்கும் மணல்திட்டில் நீர்த்தெய்வத்துக்குப் படைக்க வேண்டும். மூவரும் வர வேண்டும். அரண்மனைப் படகை இன்று பொழுது சாயும்வரை தந்தருள வேண்டும்."

பூசை என்றதும் மூவரும் பட்டுடுத்திக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பலகையையும் படகில் ஏற்றினார்கள். அவர்களைத் திட்டில் இறக்கிவிட்டு, அரசரை அழைத்து வருவதாகச் சொல்லி ஆண்டியப்பன் திரும்பினான். அரண்மனைக்குப் போய் அரசரிடம் ஒரு கதை ஆரம்பித்தான். கதைக்குள் ஒரு கதை, அதற்குள் இன்னொன்று. அது முடிந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

இருவரும் படித்துறைக்கு வந்தார்கள். திட்டிலிருந்து ஒரே கூச்சல்.

"படகை அனுப்பி அவர்களைக் கொண்டுவா" என்றார் அரசர்.

"எப்படி, அரசே? தாங்கள் தந்த அனுமதி பொழுதோடு முடிந்தது. இனிப் பொது ஓடம்தான் இந்தத் துறையில் ஆளேற்றலாம். முரசறைந்த உத்தரவாயிற்றே. வேண்டுமானால் சோறு அனுப்பலாம். சோறு ஆள் அல்லவே."

அரசருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அக்கரையில் வரிசையாக விளக்குகள் தெரிந்தன.

"அங்கே என்ன, திருவிழாவா?"

"இல்லை, அரசே. இக்கரையில் சொந்தபந்தம் உள்ளவர்கள். உயிரோடு இருக்கிறோம் என்று காட்டுகிறார்கள்."

"எத்தனை நாளாக?"

"தாங்கள் முரசறைந்த நாளிலிருந்து."

அரசர் அந்த விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினார். "ஒருநாளாவது நான் இறங்கி வந்து பார்த்திருக்க வேண்டும்" என்றார் கடைசியில். "உத்தரவு அப்படியே இருக்கட்டும். அவர்கள் ஓடத்திலேயே வரட்டும்."

விடிந்ததும் திட்டில் மூவரும் பழைய வழக்கப்படி ஒருவரையொருவர் கைகாட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கைகாட்டியது எடுபடவில்லை. மரமெல்லாம் கிடங்கில் பூட்டிக் கிடக்கிறது என்று மர அதிகாரி கரையைப் பார்த்துக் கத்தினார். கயிற்றில் என் மாடுகளைக் கட்டியிருக்கிறேன், அவிழ்த்துக்கொள்ளுங்கள் என்றார் கயிற்று அதிகாரி. சங்கமநாதர் தம் முத்திரை மோதிரத்தைக் கழற்றிச் சோற்றுப் படகில் போட்டனுப்பினார். தச்சர்கள் மளமளவென்று வேலையில் இறங்கினார்கள். அமாவாசைக்கு முன்பே ஓடம் நீரில் இறங்கியது. உட்காரும் பலகை ஒன்று மட்டும் குறைந்தது. அதைச் சங்கமநாதர் திட்டில் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்.

கசங்கிய பட்டோடு மூவரும் கரையேறியதைக் கண்டு அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இனி நீங்கள் மூவரும் குடியிருக்கப்போவது அக்கரையில். தினமும் இதே ஓடத்தில் சபைக்கு வாருங்கள்" என்றார். ஆண்டியப்பனுக்குத் தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டு, வேறென்ன வேண்டும் என்று கேட்டார்.

"இன்று சாயங்காலம் என்னைத் தேடாதீர்கள், அரசே."

ஓடம் அக்கரை சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மருதமரத்தடியில் வெள்ளையம்மாள் விளக்கோடு நின்றாள். தலை நரைத்திருந்தது. வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த விகடம் ஒன்றும் ஆண்டியப்பன் வாயில் வரவில்லை.

"சாப்டீங்களா?" என்றாள் அவள்.

அவள் முந்தானைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்தாள். அவன் இதுவரை பார்த்திராத பேத்தி.

"யாரு பாட்டி இது?"

"ஒன் தாத்தாடி. தெனமும் அந்தக் கரையில வெளக்கு ஆட்டுவாருல்ல, அவருதான்."

குழந்தை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஆற்றின் பக்கம் திரும்பி, எதிர்ப் படித்துறையில் தினமும் தான் பார்க்கும் விளக்கைத் தேடினாள். அந்த இடம் இருட்டாக இருந்தது. அதன்பிறகுதான் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள்.