எழுத்துக்கு முதுகு காட்டியவள்

அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் பூச்சியும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு சின்னப் பெண்ணுக்கு அநியாயம் நடந்தது. அவள் பெயர் பொடிச்சி. உளுந்தளவு உடம்பு, சாம்பல் நிறம், தலையில் அரிவாள் மாதிரி இரண்டு கொடுக்கு. ஓர் எழுத்தைச் சரியாக எழுதியதற்காக அவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு விரட்டினார்கள். தப்பாக எழுதியதற்கு இல்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சரியாக எழுதியதற்கு! போகும்போது அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மணலில் குழி பறித்து எறும்பு பிடிக்கும் பூச்சி இருக்கிறதே, அதுதான் அவள் வம்சம், இன்று அதைக் குழியானை என்கிறோம். அப்போது அந்தப் பெயர் கிடையாது. யானைக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெயர் எப்படி வந்தது என்பது கதை போகப் போகத் தெரியும்.

ஆற்றங்கரையில் ஒரு மருத மரம். அதன் நிழலில்தான் பள்ளிக்கூடம். வாத்தியார் ஒரு நாரை. எழுத்தாணியே தேவையில்லாத அளவுக்குக் கூர்மையான அலகு அவருக்கு. பனையோலையைத் தரையில் விரித்து, நீண்ட காலில் நின்று குனிந்து, அலகால் சரசரவென்று 'அ' எழுதுவார். மேலே ஒரு சுழி, அதிலிருந்து ஒரு வளைவு, குறுக்கே ஒரு கோடு, கடைசியில் நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு. எழுதி முடித்து, "பார்த்தாச்சா? எழுதுங்க" என்பார்.

எதைப் பார்ப்பது? ஓலையை நோக்கி அவர் குனிந்து நிற்க, பிள்ளைகள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வாத்தியாரின் வால் இறகும் முழங்காலும்தான். எழுத்து எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் திரும்பியது என்று யாருக்குத் தெரியும்? ஆனாலும் வாத்தியார் நல்லவர். பிள்ளைகள் மேல் பிரியம் உண்டு, மத்தியானம் தான் பிடித்த மீனில் பாதியை அவர்களுக்கே கொடுத்துவிடுவார். எழுத்தின் மேல் அதைவிடப் பிரியம். அதில்தான் வம்பு வந்தது.

பொடிச்சியால் ஓலையில் எழுத முடியாது. கீறுகிற பலம் அவளுக்கு ஏது? ஒருநாள் அவள் ஓலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, எழுத்தை மனதில் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் கிடந்த மணலில் எழுதிப் பார்த்தாள். காய்ந்த மாவு மணலில் அவள் உடம்பு போன வழியெல்லாம் பள்ளமாக விழுந்தது. சுழி சுழியாக, வளைவு வளைவாக, அழகான ஒரு 'அ'.

வாத்தியார் திரும்பினார். பார்த்தார். கழுத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார்.

"அடடா! யார் கைவண்ணம் இது?"

"நான்தான் ஐயா" என்றாள் பொடிச்சி.

"நீயா? எங்கே, இன்னொரு தடவை எழுதிக் காட்டு. எல்லாரும் வந்து பாருங்க பிள்ளைகளா!"

எல்லோரும் கூடினார்கள். எறும்பு மட்டும் தள்ளியே நின்றது. பொடிச்சியின் வீட்டுச் சமையலில் அடிக்கடி என்ன வேகும் என்று அதற்குத் தெரியும். பொடிச்சி மகிழ்ச்சியோடு திரும்பி, பின்பக்கத்தை மணலில் அழுத்தி, பின்னாலேயே நகர்ந்து எழுதத் தொடங்கினாள். அவள் குடும்பத்தில் யாருக்கும் முன்னால் நடக்க வராது. பிறவியே அப்படி.

குரங்குப் பயல் கிளைக்குக் கிளை தாவிச் சிரித்தான். "ஐயா, ஐயா! இவ எழுத்துக்குப் பிட்டத்தைக் காட்டுறா!"

மரமே குலுங்கச் சிரிப்பு. வாத்தியாருக்கு முகம் சுருங்கிவிட்டது. காலால் தொட்டாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் அளவுக்கு எழுத்தை மதித்தவர் அவர். அதைப் போய் ஒரு பிள்ளை பின்பக்கத்தால் எழுதினால்?

"நிறுத்து! எழுத்துக்கு முதுகைக் காட்டலாமா? இதுதான் நீ அதுக்குக் கொடுக்கிற மரியாதையா?"

"ஐயா, எனக்கு முன்னால நடக்க வராது."

"அப்படின்னா எழுத வேண்டாம்."

"இப்போதான் அடடான்னு சொன்னீங்க!"

"எப்படி எழுதினன்னு தெரியாம சொல்லிட்டேன்."

"எப்படியோ எழுதினேன். எழுத்து சரியா, தப்பா? அதை மட்டும் சொல்லுங்க."

வாத்தியார் பதில் சொல்லவில்லை. அந்த 'அ'வைத் தன் கால் விரலாலேயே அழித்தார். "போ வெளியே" என்றார். எழுத்தைக் காலால் தொடக் கூடாது என்றவர், அவள் எழுத்தைக் காலால் அழித்தார். இது எந்த ஊர் நியாயம்? அங்கே கேட்க யாரும் இல்லை.

பொடிச்சி பின்னாலேயே நடந்து போனாள். அதில் ஒரு கொடுமை இருக்கிறது. நாமெல்லாம் ஓரிடத்தை விட்டுப் போகும்போது அதற்கு முதுகைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். அவளால் முடியாது. பள்ளிக்கூடம் கண்ணுக்கு எட்டும்வரை அதைப் பார்த்துக்கொண்டேதான் போக வேண்டியிருந்தது.

கரை மேட்டுக்கு அடியில் மழைச்சாரல் எட்டாத ஓர் இடம். அங்கே மணலைச் சுற்றிச் சுற்றிக் குடைந்து, புனல் மாதிரி ஒரு குழி பறித்து, அடியில் போய்ப் புதைந்து உட்கார்ந்துகொண்டாள். யார் எட்டிப் பார்த்தாலும் தலையால் மணலை அள்ளி வீசினாள்.

முதலில் வந்தது அணில். "ஏய் பொடிச்சி, ஒரு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடேன். வாத்தியார் மனசு இளகிடும்."

"எதுக்கு மன்னிப்பு?"

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"தப்பு செஞ்சிருந்தா கேட்கலாம். நான் கேட்ட கேள்விக்கே இன்னும் பதில் வரலை. அதுக்குள்ள மன்னிப்பா? எழுத்து தப்புன்னு அவர் சொல்லட்டும், நான் ஏழு குழி தாண்டிப் போய்க் கேட்கிறேன்."

"உன்னோட பேசி ஜெயிக்க முடியாது தாயே" என்று அணில் வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. போகும்போது அதன் முதுகில் ஒரு பிடி மணல்.

வெயில் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. ஒரு சாயங்காலம் குழியின் மேல் பெரிய நிழல் ஒன்று விழுந்தது. அண்ணாந்து பார்த்தாள். மேலே ஒரு பாதம் இறங்கிக்கொண்டிருந்தது.

"டேய்! கீழே ஆள் இருக்கு!" என்று கத்தி, பலம் கொண்ட மட்டும் மணலை வீசினாள். பாதம் அப்படியே நின்றது. ஒரு பெரும் தும்மல் கேட்டது. அந்தக் காற்றில் குழியே காணாமல் போய்விட்டது.

கவளம் என்ற யானைக்கன்றுதான் அது. பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசை. தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான்.

"குழியை உடைச்சது நீ, அழுறதும் நீயா? கண்ணீரைத் தள்ளி விடு. இங்க சேறாச்சுன்னா நான் எங்க போய்க் குடியிருக்கிறது?"

"எனக்கு எழுத்து வரலை பொடிச்சி. எழுதினா ஓலை கிழியுது. ஒவ்வொரு ஓலையா கிழிஞ்சுது. நாளைக்கும் எழுதலைன்னா வர வேண்டாம்னு வாத்தியார் சொல்லிட்டார். யானைக்கு அறிவு அதிகம்னு அம்மா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா. அவகிட்ட போய் நான் எப்படிச் சொல்லுவேன்?"

அவன் சொல்வதைக் கேட்கக் கேட்கப் பொடிச்சிக்கு மூண்ட கோபம் கொஞ்சமில்லை. ஆனால் அது இப்போது தனக்காக இல்லை.

"உன்கிட்ட வாத்தியார் எப்படி எழுதிக் காட்டினார்?"

"தெரியலை. அவரோட வால்தான் தெரிஞ்சுது."

"தும்பிக்கையைக் கீழே வை. நுனியை மட்டும். அய்யோ, மெல்ல! என்னை உறிஞ்சிடப் போற! மூச்சை வேற பக்கம் விடு."

தும்பிக்கை நுனிக்கு முன்னால் போய் நின்றாள். அவன் கண்ணைப் பார்த்தாள். பார்த்தபடியே பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தாள். மணலில் ஒரு பள்ளம் விழுந்தது.

"அந்தப் பள்ளத்துலயே வா. எழுத்தைப் பார்க்காதே, பயம் வரும். என் முகத்தைப் பாரு. வா... வா... இப்போ சுழிக்கிறோம். சின்னதா, சின்னதா. ஆங்! இனி பெருசா வளையப் போறோம், என் தங்கம், விட்டுடாதே. ஏய், எங்கே போற? நான் இங்கதானே இருக்கேன்!"

தவழ்கிற பிள்ளையை நடக்க வைக்கும் தாயைப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளைக்கு எதிரே நின்று, கையை நீட்டியபடி, பின்னால் பின்னால் போவாள். பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்துவிடும். பொடிச்சி செய்ததும் அதுதான். முன்னால் நடக்கத் தெரிந்த ஒருவரால் அதைச் செய்திருக்க முடியுமா, சொல்லுங்கள்.

முதல் தடவை கவளத்தின் 'அ' பூசணிக்காய் மாதிரி வந்தது. அவன் உதடு பிதுங்கியது.

"எதுக்கு அழுற? ஊது."

"என்ன?"

"ஊதுடா. ஓலையா இது, கிழிஞ்சு போக?"

ஊதினான். பூசணிக்காய் போயே போய்விட்டது. மணல் ஒன்றும் நடக்காதது போலப் புதிதாகக் கிடந்தது. கவளம் அதை வியப்போடு பார்த்தான். அதுவரை அவன் செய்த தப்பெல்லாம் கிழிசலாக மிச்சமிருந்தது. முதல் தடவையாக ஒரு தப்பு மிச்சமில்லாமல் போனது. பிறகு எழுதினான், ஊதினான், மறுபடி எழுதினான். இருட்டுவதற்குள் பொடிச்சி விலகி நிற்க, அவனே தனியாக ஒன்று எழுதினான். முழு 'அ'.

மறுநாள் கவளம் ஓலையை ஒதுக்கி வைத்துவிட்டு, மருத மரத்தடி மணலில் தும்பிக்கையால் எழுதினான். சுழி, வளைவு, குறுக்குக் கோடு, நெட்டைக் கோடு. ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவு பெரியது. குரங்குப் பயல்கூட வாயை மூடிக்கொண்டான்.

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "கவளம்! என் ராஜா! யாரு சொல்லிக்கொடுத்தது?"

"பொடிச்சி."

வாத்தியாரின் அலகு திறந்தபடியே நின்றது. "நான் எவ்வளவு நாளா எழுதிக் காட்டினேன். என்கிட்ட வராதது அவகிட்ட எப்படி வந்தது?"

கவளம் யோசித்தான். குறை சொல்லவேண்டும் என்ற எண்ணமே அவனுக்கு இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான்.

"நீங்க எழுதும்போது உங்க முதுகைப் பார்த்தேன் ஐயா. அவ எழுதும்போது அவ முகத்தைப் பார்த்தேன்."

வாத்தியார் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு அந்தக் காலை இறக்கி, கரை மேட்டை நோக்கி நடந்தார். பிள்ளைகள் எல்லோரும் பின்னால் போனார்கள். தகவல் கேள்விப்பட்டுக் கவளத்தின் அம்மாவும் வந்துவிட்டாள்.

குழிக்கு எதிரே வாத்தியார் தன் நீண்ட கால்களை மடக்கி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பிள்ளைகள் பார்த்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் எப்போதும் நின்றவர்தான். உட்கார்ந்ததும் வரவேற்பு கிடைத்தது: ஒரு பிடி மணல், நேராக மூஞ்சியில். அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"பொடிச்சியம்மா, எழுதிக் காட்டுறியா?"

"பின்னாலதான் எழுதுவேன்."

"எழுது."

"சிரிப்பாங்க."

"ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க" என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. கவளத்தின் அம்மா. "சிரிச்சா என்கிட்ட வரட்டும். இவ என் புள்ளைக்கு எழுத்துக் கொடுத்தவ. இனிமே இவ எங்க வீட்டுப் பொண்ணு. எங்க பேரையே வச்சுக்கட்டும். குழிக்குள்ள இருந்தா என்ன, இவளும் யானைதான்!"

குரங்குப் பயல் அண்ணாந்து அந்த அம்மாவின் உயரத்தைப் பார்த்தான். சிரிக்கிற உத்தேசம் அவனுக்கு இல்லை. குழியானை என்ற பெயர் அன்றே ஊரில் ஒட்டிக்கொண்டது.

குழியானை வெளியே வந்தாள். வாத்தியாரின் முகத்துக்கு நேராக நின்றாள். பின்னால் ஓர் அடி. இன்னோர் அடி. வாத்தியார் தன் அலகு நுனியை அந்தப் பள்ளத்தில் வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி அவளைத் தொடர்ந்து வந்தார். சுழித்தார்கள், வளைந்தார்கள், குறுக்கே போனார்கள், கடைசியில் ஒரு நேர்கோட்டில் கீழே இறங்கி நின்றார்கள். அவருக்கு எழுத்து புதிதில்லை. ஆனால் எழுதுகிற ஒருவரின் முகத்தை அவர் பார்த்தது அதுவே முதல் முறை.

அவள் நிமிர்ந்தாள். அன்று கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள்.

"சரியா, தப்பா?"

பிள்ளைகள் முதல் எழுத்தை மணலில் விரலால் எழுதுவதும், சொல்லிக்கொடுப்பவர் எதிரே உட்கார்ந்து முகம் பார்ப்பதும் அந்த நாளில் வந்த பழக்கம். எழுதி முடித்ததும் எந்தப் பிள்ளையும் எழுத்தைப் பார்ப்பதில்லை, கவனித்துப் பாருங்கள். நிமிர்ந்து எதிரே இருப்பவரின் முகத்தைத்தான் பார்க்கும். எதிரே இருப்பவரும், மணல் ஒட்டிய அலகோடு நாரை வாத்தியார் அன்று குழியானைக்குச் சொன்ன அதே பதிலைத்தான் அன்று முதல் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்:

"சரிதான், கண்ணு."