ஆறாவது பரிசோதனை

மெய்யம்மையிடம் சீடராக வந்து சேர்ந்தபோது குணசீலனுக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு நாற்பத்திரண்டு. ஊரில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று குணசீலன் விட்டுவிட்டார்.

மெய்யம்மை உபதேசம் செய்கிறவர் அல்ல. ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் பெயர் தெரியாமல் செத்துப்போகிறவர்களைப் போலீஸ் அவரிடம் ஒப்படைக்கும். அவர் குளிப்பாட்டி, முகம் துடைத்து, ஒரு படம் எடுத்து, அடக்கம் செய்வார். தலைமாட்டில் எண் போட்ட கல் ஒன்றை நடுவார். பதினோரு வருஷமாக அவருடைய பூஜை, தியானம் எல்லாம் இதுதான்.

வந்த புதிதில் குணசீலன் கேட்டார்.

“புதைக்கப் போற முகத்தை எதுக்கும்மா இவ்வளவு பார்த்துப் பார்த்துத் துடைக்கிறீங்க?”

“தேடி வர்றவங்க பார்ப்பாங்களே அண்ணே.”

அந்த முகங்கள் எல்லாம் ஆபீஸ் அறையிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. யாரோ வேண்டாம் என்று கொடுத்துவிட்டுப் போனது. தேடி வருகிறவர்களுக்கு அதில் படங்களைக் காட்டுவார்கள். முகம் தெரிந்தால் எண் தெரியும். எண் தெரிந்தால் கல்லைக் கண்டுபிடித்துவிடலாம்.

அந்தக் கம்ப்யூட்டரின் பொறுப்பு குணசீலனிடம் வந்தது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தவர். ரத்தம், சளி என்று எந்த மாதிரியைக் கொடுத்தாலும் சோதித்து முடிவு எழுதிய கை. லேப் ரிசல்ட் வருவதற்குள் மருந்து எழுதுகிற டாக்டர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டது. திரை நீலமாகி நின்றுவிட்டது. குணசீலன் கலங்கவில்லை. உள்ளூர அவருக்கு உற்சாகமாகக்கூட இருந்தது. பெட்டியைத் திறந்து, ரேம் அட்டையைக் கழற்றி, பென்சில் ரப்பரால் தேய்த்துத் திரும்பப் பொருத்தினார். ஓடியது. மறுநாள் மறுபடி சத்தம். கேபிளை மாற்றினார். அதற்கடுத்த நாள் பவர் சப்ளையை மாற்றினார். சத்தம் நிற்கவில்லை.

“ஹார்ட் டிஸ்க்தாம்மா” என்றார் நாலாம் நாள்.

“படங்களை வேற எதுலயாவது எடுத்து வச்சாச்சா?”

“எடுத்துடலாம்மா. எந்த இடம் கெட்டிருக்கு, எவ்வளவு கெட்டிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் எடுக்கலாம். நோய் தெரியாம கை வைக்கக் கூடாது பாருங்க.”

மெய்யம்மை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது. தண்டவாளத்தில் ஒருவர். மெய்யம்மை கிளம்பிப் போனார்.

குணசீலன் டிஸ்க்கைச் சோதிக்கும் ப்ரோகிராமை ஓடவிட்டார். திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். நல்ல இடம் பச்சை, கெட்ட இடம் சிவப்பு. முதல் தடவை முப்பத்தெட்டு சிவப்பு. நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரே ஒரு ரிசல்ட்டை நம்பக் கூடாது என்பது லேப் பழக்கம். திரும்ப ஓடவிட்டார். நூற்றுப் பன்னிரண்டு. இதென்ன, இரண்டும் ஒத்துவரவில்லையே என்று மூன்றாம் தடவை ஓடவிட்டார். ஒரு வாரத்தில் ஐந்து பரிசோதனை முடிந்தது. ஆறாவது ஓடிக்கொண்டிருந்த அன்று காலையில்தான் சிட்டம்மாள் வந்தாள்.

அருப்புக்கோட்டைப் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் மஞ்சள் பை.

“எங்க வீட்டுக்காரரைத் தேடி வந்திருக்கேன் சார். நாலு வருஷம் ஆச்சு. புத்தி கொஞ்சம் சரியில்லாம இருந்தாரு. கார்த்திகை மாசம் கிளம்பிப் போனவருதான். போலீஸ் ஸ்டேஷன்ல இருந்த படமெல்லாம் மழையில ஒட்டிப்போச்சாம். இங்க போய்ப் பாருன்னாங்க.”

“உக்காருங்கம்மா. டெஸ்ட் ஓடிக்கிட்டிருக்கு. முடிஞ்சதும் காட்டறேன்.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே பேசினாள்.

“தை மாசம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. நான் முன்னால நின்னு தாரை வார்க்கலாமா, ஒதுங்கி நிக்கணுமான்னு சம்பந்தி வீட்டுல கேக்குறாங்க. எனக்கே தெரியல, நான் என்ன சொல்ல? நாலு வருஷமா பூவைக் கையில வச்சுக்கிட்டு, தலையில வைக்கலாமா கூடாதான்னு நிக்கிறேன் சார்.”

குணசீலனுக்கு மனசு கனத்தது. பாவம் என்று உண்மையாகவே நினைத்தார். திரையைப் பார்த்தார். அறுபது சதவீதம் ஆகியிருந்தது.

“இன்னும் ரெண்டு மணி நேரந்தாம்மா” என்றார்.

எழுபத்தெட்டு சதவீதத்தில் மெய்யம்மை வந்தார். காலெல்லாம் புதைகுழி மண். பெஞ்சில் இருந்தவளைப் பார்த்தார். யார், என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு பெட்டியின் பக்கம் குனிந்து காது கொடுத்தார். டக், டக், கிர்ர்.

“இது என்ன செய்யுது அண்ணே?”

“டிஸ்க்ல ஒரு இடம் விடாமப் படிச்சுப் பார்க்குதும்மா.”

“மூச்சு வாங்குறவங்கள ஊரைச் சுத்தி நடக்கச் சொல்றீங்களா?”

குணசீலன் திரையில் சதவீதத்தைப் பார்த்தார்.

“நிறுத்துங்க. நாலு வருஷத்துக்கு முந்தின கார்த்திகை. அதை மட்டும் திறங்க.”

நிறுத்தினார். இன்னும் இருபத்திரண்டு சதவீதம்தானே என்று அந்த நேரத்திலும் ஒரு எண்ணம் ஓடியது. அதை நினைத்துப் பின்னால் எத்தனையோ நாள் வெட்கப்பட்டார்.

அந்த மாதத்தில் பதினேழு படங்கள். முதல் படம் வெகுநேரம் கழித்துத் திறந்தது. நரைத்த தாடிக் கிழவர். சிட்டம்மாள் தலையசைத்தாள். இரண்டாவது ஒரு இளவட்டம். அதற்கும் தலையசைத்தாள். மூன்றாவது வெறும் சாம்பல் நிறமாக வந்து நின்றது. பெட்டிக்குள் டக் என்றது. இன்னொரு டக். அப்புறம் சத்தமே இல்லை.

திரும்பப் போட்டுப் பார்த்தார். டிஸ்க் எதுவும் இல்லை என்று திரையில் வந்தது. மறுபடியும் போட்டார். அதே வரி. கேபிள் விற்ற கடைக்காரருக்குப் போன் செய்தார்.

“சத்தம் கேட்ட அன்னைக்கே எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டு ஓரமா வச்சிருக்கணும் சார். அப்ப பெரும்பாலும் வந்திருக்கும். எத்தனை தடவை ஸ்கேன் போட்டீங்க?”

“ஆறு.”



“படம் பதிஞ்சிருக்கிற தட்டே உள்ள கீறியிருக்கும் சார். இனிமே யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது.”

குணசீலன் போனை வைத்தார். எதையாவது சொல்லியாக வேண்டும்போல் இருந்தது. நோட்டைத் திறந்து நீட்டினார்.

“எத்தனை இடம் கெட்டுச்சு, என்னைக்குக் கெட்டுச்சு, எல்லாம் இதுல சரியா இருக்கும்மா.”

சிட்டம்மாள் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

“இதுல அவரு இருக்காரா சார்?” என்றாள்.

குணசீலன் நோட்டை மூடினார். முப்பது வருஷத்தில் எத்தனையோ கெட்ட ரிசல்ட்டை அவர் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

மெய்யம்மை அவளை அடக்க நிலத்துக்குக் கூட்டிப் போனார். குணசீலன் பின்னாலேயே நடந்தார். கருவேல மரங்களை ஒட்டி ஒரு வரிசை. அந்தக் கார்த்திகையின் பதினேழு கற்கள்.

“இதுல எதுன்னு சொல்ல முடியலம்மா” என்றார் மெய்யம்மை. “இருக்காரா, இல்லையான்னும் சொல்ல முடியல. எங்க மேலதான் தப்பு.”

சிட்டம்மாள் அழவில்லை. வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

“அந்தக் கிழவரையும் அந்தப் பையனையும் யாரும் தேடி வரலையா?”

“வரலம்மா.”

“அப்ப பதினேழு பேருக்கும் ஊத்திடறேன். அவரு இருந்தா அவருக்கும் சேரட்டும்.”

மஞ்சள் பையிலிருந்து அரை லிட்டர் பால் பாக்கெட்டை எடுத்தாள். வரும்போதே வாங்கி வந்திருக்கிறாள். அவ்வளவு பேருக்கும் காணாது என்று அடிபம்பின் பக்கத்தில் இருந்த குடம் நிறையத் தண்ணீர் அடித்து அதில் பாலைக் கலந்தாள். இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு முதல் கல்லுக்கு ஊற்றினாள். இரண்டாவது கல்லுக்கு ஊற்றினாள். வெயில் ஏறியிருந்தது. ஒவ்வொரு கல்லிலும் நின்று, பெயர் சொல்ல முடியாததால், “ஏங்க” என்று மட்டும் கூப்பிட்டாள்.

ஆறாவது கல்லில் குடம் இடுப்பிலிருந்து நழுவப் பார்த்தது. பிடித்துக்கொண்டாள்.

குணசீலனால் தாங்க முடியவில்லை. குருவின் பக்கத்தில் வந்தார். கண் கலங்கியிருந்தது.

“அம்மா, நான் எந்த இடத்துல தவறினேன்? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க. தெரிஞ்சுக்கணும்.”

மெய்யம்மை அவர் பக்கம் திரும்பவில்லை.

“இன்னும் பதினோரு கல்லு இருக்கு அண்ணே. அந்தக் குடத்தை வாங்குங்க.”